புரதம் அப்படியே, செல் மட்டும் வளரவில்லை: ஓர் எஸ்ஐஆர்என்ஏ கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுசெல்கள்) ஒரு கைனேஸ் (மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) மரபணுவை அடக்க இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களை (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவை வெட்டவைக்கும் சிறு இரட்டை இழை ஆர்என்ஏக்கள்) ஒருவர் தனித்தனியாக, 50 நானோமோலார் அளவில் போட்டிருக்கிறார். 48 மணி நேரம் கழித்து கியூபிசிஆர் (எம்ஆர்என்ஏ அளவை அளக்கும் சோதனை) செய்தால் இரண்டிலும் எம்ஆர்என்ஏ ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருக்கிறது. வெஸ்டர்ன் ப்ளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) புரதம் அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் எஸ்ஐஆர்என்ஏ போட்ட தட்டில் செல்கள் வளரவில்லை, இரண்டாவதில் வழக்கம்போல வளர்கின்றன. "இந்த மரபணு செல் வளர்ச்சிக்குத் தேவை என்று எழுதலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு கிரிஸ்பருக்கு மாறிவிடலாமா?" என்று கேட்கிறார். (கிரிஸ்பர் என்பது டிஎன்ஏவில் மரபணுவையே வெட்டிக் கெடுக்கும் முறை.)

எழுத வேண்டாம். உங்களிடம் இருக்கும் தகவலே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. செல்லில் வேலை பார்ப்பது புரதம். அது குறையாத செல்லில் வளர்ச்சி நின்றால், அந்தப் புரதம் இல்லாததால் நின்றது என்று சொல்ல வழியில்லை. அதோடு, இரண்டு எஸ்ஐஆர்என்ஏவும் எம்ஆர்என்ஏவை ஒரே அளவுக்குக் குறைக்கும்போது வளர்ச்சி மட்டும் ஒன்றில் நிற்கிறது என்றால், அந்த ஒன்று வேறு எதையோ சேர்த்து அடிக்கிறது என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். நாக்டவுன், அதாவது மரபணுவை அடக்குவது, நடந்ததா என்பது ஒரு கேள்வி. பார்த்த விளைவு அந்த நாக்டவுனால் வந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கியூபிசிஆர் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு அது ஒன்றுமே சொல்லாது. இந்தத் துறையில் சறுக்கியவர்களில் பலரும் முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டவர்கள்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த 21 எழுத்து ஆர்என்ஏ எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1990-இல் பெட்டூனியாப் பூவின் நிறத்தை அடர்த்தியாக்க, நிறமி உண்டாக்கும் மரபணுவின் கூடுதல் பிரதியைச் செடியில் நுழைத்தார்கள். பூக்கள் பல வெள்ளையாகவும் திட்டுத்திட்டாகவும் மலர்ந்தன. நுழைத்த மரபணுவும் அடங்கியது, செடியின் சொந்த மரபணுவும் அடங்கியது. 1998-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் சீ. எலிகன்ஸ் புழுவில் இதன் காரணத்தைக் காட்டினார்கள். மரபணுவை அடக்குவது இரட்டை இழை ஆர்என்ஏ. ஒற்றை இழையால் அவ்வளவு பலன் இல்லை. இரட்டை இழையோ ஒரு செல்லுக்குச் சில மூலக்கூறுகள் இருந்தாலே போதும் என்ற அளவுக்கு வேலை செய்தது. அதற்கு 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அதை அப்படியே மனித செல்லில் செய்யலாமே என்று முயன்றவர்களுக்குக் கிடைத்தது செத்துக் கிடந்த செல்கள். பாலூட்டி செல்லுக்கு நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ என்றாலே வைரஸ் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். ஏறத்தாழ 30 இணைகளுக்கு மேல் நீளம் போனால் பிகேஆர் என்ற நொதி விழித்துக்கொண்டு, புரதத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு காரணியில் பாஸ்பேட் ஏற்றி மொத்தத் தயாரிப்பையும் முடக்குகிறது. இன்னொரு பக்கம் ஆர்என்ஏஸ் எல் என்ற நொதி கண்ணில் பட்ட ஆர்என்ஏவையெல்லாம் வெட்டுகிறது. வைரஸ் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் சுரக்கிறது. ஒரு மரபணுவை மட்டும் அடக்க நினைத்தால் செல் முழுக்கவே அடங்கிப்போகும்.

வழி திறந்தது 2001 மே மாதம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த தாமஸ் டூஷல் குழு, சயீதா எல்பஷீரை முதல் ஆசிரியராகக் கொண்டு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நீள ஆர்என்ஏவைக் கொடுத்து, செல்லில் இருக்கும் டைசர் நொதி அதை நறுக்கட்டும் என்று விடுவதற்குப் பதிலாக, நறுக்கிய துண்டையே வேதிமுறையில் தயாரித்துக் கொடுத்தார்கள். 21 எழுத்து, நடுவில் 19 இணை, இரு பக்கமும் 3 பிரைம் முனையில் (இழையின் பின்முனை; முன்முனை 5 பிரைம்) இரண்டிரண்டு எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். பிகேஆர் கண்டுகொள்ளாத அளவுக்குச் சிறியது, ரைஸ்க் என்ற வெட்டும் கூட்டமைப்பு ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சரியானது. ஹீலா உள்ளிட்ட செல்களில் வெளியிலிருந்து நுழைத்த, ஒளி தரும் லூசிஃபெரேஸ் மரபணுவையும், செல்லின் சொந்த லேமின் ஏ/சி மரபணுவையும் அடக்கிக் காட்டினார்கள். உங்கள் சோதனை இன்றும் அதே வடிவம்தான்.

உள்ளே நடப்பது இது. இரட்டை இழை ரைஸ்கில் ஏறுகிறது. இரண்டில் ஓர் இழை வழிகாட்டியாகத் தங்க, மற்றது வெளியே போகிறது. எது தங்கும் என்பதை முனைகள் தீர்மானிக்கின்றன: எந்த இழையின் 5 பிரைம் முனைப் பக்கம் இணைப்பு தளர்வாக இருக்கிறதோ, அதற்கே வாய்ப்பு அதிகம். (இந்த விதியைக் கவனிக்காமல் வடிவமைத்தால் தவறான இழை ஏறி, நீங்கள் நினைக்காத வரிசையை வேட்டையாடத் தொடங்கும்.) ஏறிய வழிகாட்டி இழை, ஆர்கோனாட் 2 என்ற புரதத்தின் பிடியில் இருந்தபடி, தனக்கு முழுதாகப் பொருந்தும் எம்ஆர்என்ஏவைத் தேடும். கிடைத்ததும், வழிகாட்டியின் 10-வது, 11-வது எழுத்துகளுக்கு எதிரே எம்ஆர்என்ஏவை ஆர்கோனாட் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட துண்டுகளைச் செல்லின் மற்ற நொதிகள் தின்றுவிடும். ரைஸ்க் அங்கிருந்து கழன்று அடுத்ததைத் தேடிப் போகும். ஒரே ரைஸ்க் பல எம்ஆர்என்ஏக்களை முடித்துவிட முடிவதால்தான் இவ்வளவு சின்ன அளவு போதுமானதாக இருக்கிறது.

இங்கே புழுவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். புழுவிலும் செடியிலும் இந்தச் சிறு ஆர்என்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் நொதி உண்டு. பாலூட்டி செல்லில் அந்தப் பெருக்கம் கிடையாது. நீங்கள் போட்டதுதான் மொத்த இருப்பு. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது பாதியாகும். வேகமாகப் பிரியும் செல்களில் விளைவு ஏறக்குறைய ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பிரியாத செல்களில் மூன்று வாரத்துக்கு மேலும் நீடித்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

இனி உங்கள் வெஸ்டர்ன் ப்ளாட்டுக்கு வருவோம். எஸ்ஐஆர்என்ஏ எம்ஆர்என்ஏவைத்தான் வெட்டுகிறது. ஏற்கெனவே தயாராகிவிட்ட புரதத்தை அது தொடுவதில்லை. அந்தப் புரதம் தானாகச் சிதைய வேண்டும், அல்லது செல் பிரிவில் பங்கிடப்பட்டு நீர்த்துப்போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரதம் கொஞ்சமும் சிதைவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹீலா ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரிகிறது. எம்ஆர்என்ஏ நன்றாகக் குறைய முதல் நாள் போய்விடும். மிச்சம் 24 மணி நேரம். பழைய புரதம் பாதியாக நீர்க்கிறது, புதுத் தயாரிப்பு ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் நடக்கிறது. கூட்டினால் 48-வது மணியில் செல்லுக்கு ஏறக்குறைய 60 சதவீதம் புரதம் மிச்சம் இருக்கும். 72-வது மணியில் 40 சதவீதம். ஆக, நிலையான புரதமாக இருந்தால் 48 மணியில் பெரிய குறைவை எதிர்பார்ப்பதே தப்பு. 100-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம், பட்டை கருகருவென்று செறிவடைந்துபோன ப்ளாட்டில் கண்ணுக்கே தெரியாது.

அதனால் முதல் வேலை: அதே ப்ளாட்டில் கட்டுப்பாட்டு மாதிரியை முழு அளவு, பாதி, கால்வாசி, எட்டில் ஒன்று என்று நீர்த்து ஏற்றுங்கள். உங்கள் ஆன்டிபாடியும் ப்ளாட்டைப் படமெடுக்கும் நேரமும் பாதியைப் பாதியாகக் காட்டுகின்றனவா என்று அதில் தெரிந்துவிடும். காட்டவில்லை என்றால் "புரதம் குறையவில்லை" என்ற வாக்கியத்துக்கே பொருளில்லை. இரண்டாவது வேலை: 48, 72, 96 மணி என்று மூன்று நேரங்களில் பாருங்கள். 96 மணி வரை போவதென்றால் மூன்றாம் நாள் வாக்கில் செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் போட்டு மறுபடியும் ஒருமுறை எஸ்ஐஆர்என்ஏ கொடுப்பது வழக்கம்.

அப்படியும் பட்டை அசையாமல் நின்றால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். இரண்டாவது எஸ்ஐஆர்என்ஏ போட்ட செல்கள் தொடர்ந்து பிரிந்துகொண்டிருக்கின்றன. நாலு நாள் கழித்தும் பட்டை முழுதாக இருக்கிறது, எம்ஆர்என்ஏ மட்டும் ஐந்தில் ஒன்று என்றால், நீங்கள் பார்ப்பது அதே எடையுள்ள வேறொரு புரதமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், நாக்டவுனில் பட்டை மங்குவதைக் காட்டாத ஆன்டிபாடியின் விளம்பரப் படத்தை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

80 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கியூபிசிஆர் தருவது தட்டு முழுவதின் சராசரி. எல்லாச் செல்லிலும் 80 சதவீதம் குறைந்திருக்கலாம். அல்லது பத்துச் செல்லில் எட்டில் அடியோடு போய், எஸ்ஐஆர்என்ஏ ஏறாத இரண்டில் முழுதாக இருக்கலாம். வளர்ச்சிச் சோதனையில் இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த இரண்டு செல்களும் நாலு நாளில் தட்டை நிரப்பிவிடும். புரதத்தை ஒளிரும் ஆன்டிபாடியால் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் செய்து செல் செல்லாகப் பார்த்தால் தெளிவாகிவிடும். செல் பிரிவுக்குத் தேவையான பிஎல்கே1 மரபணுவுக்கான எஸ்ஐஆர்என்ஏவை ஒரு குழியில் போட்டு வைப்பதும் நல்ல பழக்கம். அது அடங்கினால் செல்கள் பிரிவின் நடுவில் சிக்கி, உருண்டு, இரண்டு மூன்று நாளில் சாகும். சாகாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை எவ்வளவு என்று நுண்ணோக்கியில் பார்த்தாலே ட்ரான்ஸ்ஃபெக்ஷன் (எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் ஏற்றுவது) எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம்: முதல் எஸ்ஐஆர்என்ஏ வேறு எதை அடித்திருக்கும்? 2003-இல் ஏமி ஜாக்சன் குழு, ஆயிரக்கணக்கான எம்ஆர்என்ஏக்களை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரேயில் பார்த்தபோது, ஒரே மரபணுவுக்கு எதிரான வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏக்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு கூட்டம் மரபணுக்களைக் குறைப்பது தெரிந்தது. அந்தக் கூட்டத்தை முடிவு செய்தது எஸ்ஐஆர்என்ஏவின் வரிசை, இலக்கு மரபணு அல்ல. 2006 வாக்கில் காரணம் பிடிபட்டது. வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையான எழுத்துகளை விதைப் பகுதி என்கிறோம். நம் செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்கள் (மரபணுக்களை அடக்கச் செல்லே தயாரிக்கும் சிறு ஆர்என்ஏக்கள்) இந்த விதைப் பகுதி மட்டும் பொருந்தினாலே, எம்ஆர்என்ஏவின், புரதமாக மொழிபெயர்க்கப்படாத 3 பிரைம் வால் பகுதியில் ஒட்டி அதை அடக்கிவிடும். முழுப் பொருத்தமும் வெட்டும் தேவையில்லை. எஸ்ஐஆர்என்ஏவும் அதே ஆர்கோனாட்டில்தான் உட்காருகிறது என்பதால், அதுவும் மைக்ரோஆர்என்ஏ போலவே நடந்துகொள்கிறது.

ஏழு எழுத்துத் தொடர் ஒன்று தற்செயலாக எத்தனை முறை வரும்? நாலு எழுத்து, ஏழு இடம்: 16,384 எழுத்துக்கு ஒரு முறை. மனிதனிடம் இருபதாயிரம் மரபணு வாக்கில், ஒவ்வொன்றுக்கும் வால் பகுதி சராசரியாக ஆயிரம் எழுத்து என்று தோராயமாக எடுத்துக்கொண்டாலே, எந்த விதைக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் கிடைக்கும். அத்தனையும் வேலை செய்யாது. வேலை செய்பவையும் பெரும்பாலும் எம்ஆர்என்ஏவைக் கொஞ்சமாகத்தான் குறைக்கும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் செல் பிரிவுக்கு வேண்டிய ஒன்றோ இரண்டோ மாட்டிக்கொண்டால், உங்கள் முதல் தட்டு மாதிரி ஆகிவிடும். பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுத் தேடலில் "வேறு எந்த மரபணுவுடனும் பொருந்தவில்லை" என்று வந்ததே என்று கேட்பீர்கள். பிளாஸ்ட் தேடுவது நீளப் பொருத்தத்தை. ஏழு எழுத்துப் பொருத்தம் அதன் கண்ணில் படாது.

இது காகிதத்தில் மட்டும் உள்ள கவலை இல்லை. 2008-இல் எச்ஐவி பெருகத் தேவையான மனித மரபணுக்களைத் தேடி மூன்று குழுக்கள் தனித்தனியாக மரபணுத்தொகுதி முழுவதையும் எஸ்ஐஆர்என்ஏவால் அலசின. ஒவ்வொரு குழுவும் நூற்றுக்கணக்கில் பட்டியல் தந்தது. மூன்றிலும் பொதுவாக இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. செல்வகை, நேரம், அளவிட்ட முறை எல்லாம் வேறு என்பது உண்மைதான். பழி முழுவதையும் விதைப் பகுதியின் மேல் போட முடியாது. ஆனாலும் அந்த இடைவெளி பலரை உலுக்கியது. 2009-இல் எஸ்டிகே33 என்ற கைனேஸ் இல்லாவிட்டால் கேராஸ் என்ற மரபணுவில் பிறழ்வுள்ள புற்றுசெல்கள் பிழைக்காது என்று ஆர்என்ஏ குறுக்கீட்டு (இரட்டை இழை ஆர்என்ஏவால் மரபணுவை அடக்கும் முறை) ஆய்வு ஒன்று சொன்னது. மருந்து தேடும் வேலைகள் தொடங்கின. 2011-இல் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்து, அப்படி ஒரு தேவை தெரியவில்லை என்று எழுதினார்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது மெல்க் கதை. மெல்க்கும் ஒரு கைனேஸ். சிலவகை மார்பகப் புற்றுசெல்களுக்கு அது இன்றியமையாதது என்று ஆர்என்ஏ குறுக்கீட்டு ஆய்வுகள் காட்டியிருந்தன. அதைத் தடுக்கும் ஓடிஎஸ்எஸ்பி167 என்ற மூலக்கூறு மனிதர்களிடம் சோதனைக்கே போய்விட்டது. 2017-இல் ஜேசன் ஷெல்ட்சர் குழு கிரிஸ்பரால் மெல்க்கை அழித்துப் பார்த்தது. செல்கள் நன்றாக வளர்ந்தன. அதைவிட வேடிக்கை, மெல்க்கே இல்லாத செல்களையும் அந்த மருந்து முன்பு போலவே கொன்றது. மருந்து வேறு எதையோ தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாக்டவுனும் மருந்தும் ஒரே விளைவைத் தந்தன, ஆகவே இலக்கு உறுதி என்ற வாதம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்ன செய்வது? முதலில் அளவைக் குறையுங்கள். 50 நானோமோலார் அதிகம். எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் ஆர்என்ஏஐமேக்ஸ் போன்ற இன்றைய கொழுப்புக் கலவைகளில் ஹீலாவுக்கு 5 முதல் 10 போதும். பல எஸ்ஐஆர்என்ஏக்கள் 1 நானோமோலாரிலும் வேலை செய்யும். 1, 3, 10, 30 என்று ஏற்றிப் பார்த்து, எம்ஆர்என்ஏ குறைவு எங்கே நின்றுவிடுகிறதோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றுவதால் இலக்கில் லாபம் இல்லை, விதைப் பகுதியின் சேட்டை மட்டும் கூடும். இன்னொரு கெடுதலும் உண்டு: வெளியிலிருந்து வந்த சிறு ஆர்என்ஏ நிறைய ஏறிவிட்டால், செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்களுக்கு ரைஸ்கில் இடம் கிடைக்காமல், அவை அடக்கி வைத்திருந்த மரபணுக்கள் தலைதூக்கும். எலியின் கல்லீரலில், கொண்டை ஊசி போல மடிந்த ஹேர்பின் வடிவ ஆர்என்ஏவை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தபோது நடந்தது இன்னும் மோசம். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் 49 வரிசைகளைச் சோதித்ததில் 36 கல்லீரலைப் பாதித்தன, 23 எலிகளைக் கொல்லும் அளவுக்குப் போயின. சிறு ஆர்என்ஏவை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் எக்ஸ்போர்ட்டின் 5 என்ற வழியே அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று காட்டினார்கள். எஸ்ஐஆர்என்ஏ நேராகச் செல்லின் சைட்டோபிளாசத்துக்கு வருவதால் அந்த வழி தேவையில்லை, ஆனால் ஆர்கோனாட்டுக்கான போட்டி இதிலும் உண்டு.

அடுத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். விதைப் பகுதி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று அல்லது நாலு எஸ்ஐஆர்என்ஏக்கள் வேண்டும், தனித்தனியாக. குறைந்தது இரண்டு, புரதத்தைக் குறைக்கும் அளவுக்கு ஏற்றபடி ஒரே விளைவைத் தர வேண்டும். நாலையும் ஒரே குழாயில் கலந்து விற்கும் கலவையை மட்டும் பயன்படுத்திவிட்டு "நாலு எஸ்ஐஆர்என்ஏவால் உறுதி செய்தோம்" என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது ஒரு சோதனைதான், நாலு இல்லை. கலவையில் இருக்கும் ஒன்றே எல்லா வேலையும் செய்துகொண்டிருக்கலாம். முப்பது வாக்கில் வெவ்வேறு வரிசைகளைக் கலந்து தரும் கலவைகள் வேறு கதை: அங்கே ஒவ்வொன்றின் செறிவும் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொன்றின் தவறும் நீர்த்துப்போய், பொதுவான இலக்கு மட்டும் பலமாக அடிபடுகிறது. பணம் இருந்தால் அது நல்ல வழி.

இலக்கற்ற கட்டுப்பாடு என்று விற்கும் எஸ்ஐஆர்என்ஏவுக்கும் ஒரு விதைப் பகுதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். அது உங்கள் முதல் எஸ்ஐஆர்என்ஏவின் விதையோடு ஒத்திருக்காது. அதனால் கொழுப்புக் கலவையின் நச்சுத்தன்மைக்கு அது கட்டுப்பாடாக இருக்குமே தவிர, உங்கள் விதையின் சேட்டைக்கு இருக்காது. அதற்கென்றே ஒரு அழகான கட்டுப்பாடு இருக்கிறது, பெயர் சி911. 2012-இல் வந்தது. உங்கள் எஸ்ஐஆர்என்ஏவின் 9, 10, 11-வது எழுத்துகளை மட்டும் அவற்றின் எதிர் எழுத்துகளாக மாற்றித் தயாரிக்கச் சொல்ல வேண்டும். நடுவில் பொருத்தம் கெட்டுவிடுவதால் இலக்கு எம்ஆர்என்ஏவை வெட்ட முடியாது. விதைப் பகுதி அப்படியே இருப்பதால் மற்ற தவறுகள் எல்லாம் தொடரும். முதல் எஸ்ஐஆர்என்ஏவின் சி911 வடிவத்தைப் போட்டும் செல்கள் வளரவில்லை என்றால், முடிந்தது. அந்த வளர்ச்சித் தடைக்கும் உங்கள் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. மலிவான சோதனை, ஒரே வாரத்தில் பதில் தெரிந்துவிடும். உங்கள் நிலைமையில் நான் நாளைக்கே ஆர்டர் போடுவது இதைத்தான். போடும்போது, எம்ஆர்என்ஏ குறையவில்லை என்பதைக் கியூபிசிஆரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் நடுவர்கள் கடைசியில் கேட்பது மீட்புச் சோதனை. எஸ்ஐஆர்என்ஏ ஒட்டும் இடத்தில், அமினோ அமிலம் மாறாதபடி எம்ஆர்என்ஏ எழுத்துகளை மட்டும் மாற்றி, அந்தப் பிரதியைச் செல்லில் வைக்க வேண்டும். எஸ்ஐஆர்என்ஏவால் அதை அடக்க முடியாது, புரதம் அதே புரதம். வளர்ச்சி திரும்பினால் காரணம் உங்கள் மரபணு என்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. இன்னும் எளிய வழி, 3 பிரைம் வாலை இலக்காக வைத்த எஸ்ஐஆர்என்ஏ ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் வைக்கும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) பிரதியில் அந்த வால் இருக்காது, எழுத்து மாற்றும் வேலை மிச்சம். இதில் இடறும் இடம் புரத அளவு. வலுவான வைரஸ் ஊக்கியில் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) இயல்பைப் போல இருபது மடங்கு புரதம் வந்தால், அதுவே செல்லைக் கெடுத்து உங்களைக் குழப்பும். டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்து அளவை ஏற்றி இறக்கும்படியான அமைப்பு நல்லது. கைனேஸ் என்பதால், செயலிழந்த பிறழ்வு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது மீட்கவில்லை, இயல்பான வடிவம் மீட்கிறது என்றால் கட்டுரைக்கு ஒரு படம் கூடுதலாகக் கிடைக்கும்.

கிரிஸ்பர் பற்றி. மாறிவிடலாமா என்பதற்குப் பதில்: சேர்த்துக்கொள்ளலாம், மாற வேண்டியதில்லை. மெல்க் கதையில் கிரிஸ்பர்தான் காப்பாற்றியது. ஆனால் அதற்கும் அதன் குறைகள் உண்டு. செல்லுக்கு உண்மையிலேயே இன்றியமையாத மரபணு என்றால் நாக்அவுட் குளோனே (மரபணு அழிக்கப்பட்ட ஒரே செல்லிலிருந்து வளர்ந்த கூட்டம்) கிடைக்காது. கிடைக்கும் குளோன் பல வாரம் வளர்த்துத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் செல் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம். பிறழ்வால் சிதைக்கப்படும் எம்ஆர்என்ஏ, தன்னை ஒத்த வேறு மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கூட்டிவிடும் என்பது 2019-இல் மீன்களிலும் எலி செல்களிலும் காட்டப்பட்டிருக்கிறது. எஸ்ஐஆர்என்ஏ நாலு நாளில் முடிந்துவிடும் சோதனை, செல்லுக்குச் சமாளிக்க நேரம் தருவதில்லை. மரபணுவை 70 சதவீதம் மட்டும் குறைப்பதும் ஒரு வசதிதான், ஏனென்றால் மருந்தும் பெரும்பாலும் அவ்வளவுதான் தடுக்கும். இரண்டு முறைகளின் தவறுகளும் வேறு வேறு இடங்களில் விழுகின்றன. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். டிஎன்ஏவை வெட்டாமல் ஊக்கியை மட்டும் அடைக்கும் கிரிஸ்பர் குறுக்கீடு மூன்றாவது வழி. உங்கள் ஆய்வகத்தில் அந்தச் செல்வரிசை இருந்தால் நேரே அதற்குப் போகலாம்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. இவ்வளவு தொல்லை பிடித்த மூலக்கூறு எப்படி மருந்தானது? 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரன்தான் முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்து. பரம்பரையாக வரும் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோய்க்கு, கொழுப்பு நானோதுகளில் அடைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றுவது. பிறகு வந்தவை பெரும்பாலும் கல்லீரல் செல் மட்டும் அடையாளம் காணும் ஒரு சர்க்கரையை எஸ்ஐஆர்என்ஏவில் ஒட்டித் தோலுக்கடியில் போடுபவை. கொலஸ்ட்ராலுக்கான இன்க்ளிசிரன் தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசிதான். உங்கள் தட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்துபோவது அங்கே ஆறு மாதம் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு: கல்லீரல் செல் அரிதாகத்தான் பிரிகிறது, ஒவ்வொரு எழுத்தும் நொதிகளால் வெட்ட முடியாதபடி வேதிமாற்றம் செய்யப்பட்டிருக்கிறது, செல்லின் உட்பைகளில் தங்கிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. விதைப் பகுதியின் தொல்லை அங்கேயும் விடவில்லை. எலிகளில் அதிக அளவு கொடுத்தபோது சில எஸ்ஐஆர்என்ஏக்கள் கல்லீரலைக் கெடுத்ததற்கு முக்கியக் காரணம் விதைப் பகுதிதான் என்று 2018-இல் தெரிந்தது. அந்தப் பகுதியில் ஒரே ஒரு எழுத்தின் சர்க்கரையை மாற்றி, பொருத்தத்தைச் சற்றுத் தளர்த்தினார்கள். இலக்கின் மேல் வேலை குறையாமல் கல்லீரல் சேதம் குறைந்தது. ஆய்வகத்துக்கு விற்கும் வேதிமாற்ற எஸ்ஐஆர்என்ஏக்களிலும் இதே யோசனைதான்: வழிகாட்டியின் 2-வது எழுத்தில் மெத்தில் குழு ஒன்றை ஏற்றினாலே விதையின் சேட்டை கணிசமாகக் குறையும். அடுத்த முறை ஆர்டர் போடும்போது விலை வித்தியாசம் தாங்குமென்றால் அந்த வகையைக் கேளுங்கள்.

வரிசையாகச் செய்வதென்றால் இப்படித் தொடங்குங்கள். இந்த வாரம் நீர்ப்பு வரிசையோடு வெஸ்டர்ன், 72 மற்றும் 96 மணிக்கு. கூடவே இரண்டு எஸ்ஐஆர்என்ஏவுக்கும் அளவு ஏற்றம், 1 முதல் 30 வரை. சி911-க்கும், விதை வேறுபட்ட இன்னும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏவுக்கும் (ஒன்று 3 பிரைம் வாலுக்கு) ஆர்டர். அவை வந்து, புரதம் உண்மையிலேயே குறைந்த நிலையிலும் மூன்று எஸ்ஐஆர்என்ஏக்களில் செல் வழக்கம்போல வளர்ந்தால், ஹீலாவுக்கு அந்த அளவு குறைவு ஒரு பொருட்டில்லை என்று பொருள்; மீட்புச் சோதனைக்குப் பிளாஸ்மிட் கட்டும் செலவு மிச்சம். வளர்ச்சி நின்றால் மட்டும் பிளாஸ்மிட் கட்டத் தொடங்குங்கள்.